பட்டியின் காவல்: புழக்கடைக் கால்நடைகளை வேட்டை விலங்குகளிடமிருந்து காக்கும் முறைகள்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வீட்டின் பின்புறத்தில் நான்கைந்து ஆடுகளையும் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழிகளையும் வளர்ப்பது, நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கும் சிறு உழவர்களுக்கும், குறிப்பாக அக்குடும்பங்களின் பெண்களுக்கும், கைவசம் இருக்கும் ஒரே சேமிப்பாக நெடுங்காலமாக விளங்கிவருகிறது. 2019ஆம் ஆண்டில் நடைபெற்ற 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறியாடுகளும் இருந்தன. 12 கோடியைத் தாண்டிய கோழியினங்களில் பெரும்பகுதி நாமக்கல் வட்டாரம் போன்ற இடங்களின் பெரும்பண்ணைகளில் வளர்வன என்றாலும், ஆடுகளில் பெரும்பாலானவை சிறிய அளவில் வளர்ப்போரிடமே உள்ளன. ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் வழங்கும் அரசுத் திட்டம் 2011இல் தொடங்கப்பட்டதும் இந்தச் சேமிப்பின் மதிப்பை உணர்ந்தே ஆகும்.

இத்தகைய வளர்ப்பில் நோய்க்கு அடுத்தபடியாகப் பேரிழப்பைத் தருவன வேட்டை விலங்குகள், அதாவது பிற உயிர்களைக் கொன்று தின்னும் விலங்குகளும் பறவைகளும் பாம்புகளும் ஆகும். இழப்பு நேர்ந்தவுடன் சினம் முழுவதும் கொன்ற விலங்கின் மேல் பாய்வது இயல்பே. எனினும் கொட்டிலைச் சுற்றி வந்து பார்த்தால், பெரும்பாலான நேர்வுகளில் விலங்கு உள்ளே நுழைய இடந்தந்த ஓர் இடைவெளியோ, பழுதான ஒரு படலோ, மூடப்படாத ஒரு கூரைப்பகுதியோ அங்கே இருப்பதைக் காணலாம். வேட்டை விலங்கை ஒழிப்பதைவிட அந்த இடைவெளியை அடைப்பது செலவில் குறைந்தது, பயனில் நிலைத்தது, சட்டத்துக்கும் உகந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் வகுத்த காவல்

மந்தையைக் காப்பது தமிழ்ச் சமூகத்தில் உயிரைக் கொடுத்தும் செய்யத்தக்க கடமையாகக் கருதப்பட்டதற்குக் கல்லில் சான்றுகள் உள்ளன. கால்நடைகளைத் தாக்கவந்த புலியோடு பொருது இறந்த வீரனுக்கு எடுக்கப்பட்ட நினைவுக்கல் ‘புலிகுத்திக்கல்’ எனப்படுகிறது. பாயும் புலியை ஈட்டியாலோ வாளாலோ குத்தும் வீரனின் உருவம் செதுக்கப்பட்ட இத்தகைய கற்கள் கொங்குப் பகுதியில் பல இடங்களில் கிடைத்துள்ளன. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், கி.பி. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் நடப்பட்ட நடுகல் ஒன்று, வீரனோடு சேர்த்து அவனுடைய நாயையும் பொறித்திருப்பதோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் பதிவுசெய்திருக்கிறது.

வீரத்தை மட்டும் நம்பியிராமல், அன்றாடக் காவலுக்கு எளிய கட்டுமானங்களையும் மக்கள் வகுத்திருந்தனர். கரூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் மழையை நம்பியுள்ள மேய்ச்சல் நிலங்கள் ‘கொறங்காடு’ எனப்படுகின்றன. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் கொண்ட இந்நிலங்களைச் சுற்றிக் கிளுவை என்னும் முட்செடியின் போத்துகளை நெருக்கமாக ஊன்றி உயிர்வேலி அமைப்பது அங்கு மரபு. உயிர்வேலி என்பது பட்டுப்போகாமல் தழைத்து, ஆண்டுதோறும் அடர்ந்துகொண்டே செல்லும் செடிகளால் ஆன வேலி ஆகும். அறுவடை முடிந்த வயலில் எருவுக்காக ஆடுகளை அடைக்கும்போது மூங்கிற் படல்களால் பட்டி அமைப்பதும், குட்டிகளைக் கொடாப்பு எனப்படும் பின்னல் கூட்டுக்குள் விடுவதும், கோழிக்குஞ்சுகளைப் பஞ்சாரம் என்னும் கவிழ்த்த கூடையால் மூடிவைப்பதும் இதே அறிவின் வெவ்வேறு வடிவங்களே. தான்சானியாவின் மாசாய் நிலப்பகுதியிலும் சிங்கங்களிடமிருந்து மாடுகளைக் காக்கக் கிளுவையின் பேரினத்தைச் சேர்ந்த மரங்களையே வட்டமாக நட்டு, அவற்றோடு கம்பிவலையை இணைத்து ‘வாழும் சுவர்’ எழுப்பும் முறை அண்மைக் காலத்தில் பரவியிருக்கிறது. ஒரே பேரினத்து முட்செடி இரு கண்டங்களிலும் கால்நடைகளுக்குக் காவல் நிற்பது, கொங்கு உழவரின் தேர்வு எவ்வளவு பொருத்தமானது என்பதைக் காட்டுகிறது.

எனினும் பழைய காவலில் ஆளும் ஒரு பகுதியாக இருந்தார் என்பதை மறத்தலாகாது. பட்டிக்கருகே கயிற்றுக் கட்டிலிட்டு உறங்கிய முதியவரும், இரவெல்லாம் உடனிருந்த கீதாரியும், அதாவது ஊர் ஊராகச் சென்று கிடைபோடும் மேய்ப்பரும், இல்லாத இடத்தில் அதே மூங்கிற் படல் போதுமான தடையாவதில்லை. ஆள் விலகியதால் ஏற்பட்ட குறையைக் கட்டுமானமே ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

வந்தது எது என்று அறிதல்

எல்லா விலங்குகளுக்கும் பொதுவான தடை என ஒன்று இல்லை; தோண்டி வருவதற்கு ஒரு தடையும் ஏறி வருவதற்கு வேறொரு தடையும் தேவைப்படுவதால், கொட்டிலைத் திருத்துவதற்கு முன் வந்த விலங்கை அதன் தடயங்களைக்கொண்டு இனங்காண வேண்டும்.

கோழிகளைப் பொறுத்தவரை முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இழப்பு பகலிலா இரவிலா என்பதாகும். கீரி பகலில் வேட்டையாடுவது. தலையையும் கழுத்தையும் கடித்துக் கொல்வதும், சிறு சந்துகளில் நுழைவதும், சுவரடியில் மண்ணைப் பறிப்பதும் அதன் வழக்கம். வல்லூறு, கரும்பருந்து, காகம், செம்போத்து ஆகிய பறவைகளும் பகலிலேயே வருவன. இவற்றால் பெரும்பாலும் இழக்கப்படுவன முட்டைகளும் இளங்குஞ்சுகளுமே. அந்தி முதல் விடியல் வரை வருவன காட்டுப்பூனையும் மரநாயும் ஆகும். காட்டுப்பூனை தரைவழியே வந்து கோழியைக் கவ்விக்கொண்டு போய்விடுவதால், சிதறிய இறகுகளைத் தவிர வேறெதுவும் எஞ்சுவதில்லை. பனை, தென்னை, ஓட்டுக்கூரை ஆகியவற்றில் ஏறித்திரியும் மரநாய், சுவருக்கும் கூரைக்கும் இடைப்பட்ட சந்தின் வழியே இறங்குகிறது. ஓடுகூட எஞ்சாமல் முட்டை மறைந்தால் சாரைப்பாம்பு, நல்லபாம்பு, உடும்பு ஆகியவற்றில் ஒன்றை ஐயுறலாம். குஞ்சு இழுத்துச்செல்லப்பட்ட தடம் ஒரு வளையில் போய் முடிந்தால் அது பெருச்சாளியின் செயல்.

ஆடுகளிடம் காயத்தின் இடமே முதன்மைத் தடயம். சிறுத்தை பொதுவாகத் தொண்டையைக் கவ்வி மூச்சை நிறுத்திக் கொல்வதால், அங்கே கோரைப்பற்களின் ஆழ்ந்த துளைகள் காணப்படும். இரையை ஒதுக்குப்புறத்துக்கு இழுத்துச்செல்லும் தடமும் தெரியும். தெருநாய்களின் தாக்குதல் இதற்கு மாறானது: அவை கூட்டமாக வந்து, ஓடும் ஆடுகளின் பின்தொடை, வயிற்றுப்பக்கம், மடி, காது என அகப்பட்ட இடத்தையெல்லாம் கடித்துக் குதறிவிட்டு, பெரும்பாலும் இறைச்சியைத் தின்னாமலே சென்றுவிடுகின்றன. நரி பெரிய ஆட்டை விடுத்துக் குட்டியைத் தேர்ந்தெடுக்கிறது. மலையடிவாரங்களில் குட்டி தடயமின்றி மறைவதற்கு மலைப்பாம்பும் காரணமாகலாம்.

கொங்கு மாவட்டங்களில், குறிப்பாகக் காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரங்களில், அண்மை ஆண்டுகளில் ஆடுவளர்ப்போரை வீதியில் இறங்கிப் போராடச்செய்தது காட்டுவிலங்கு அன்று, தெருநாயே ஆகும். கிளுவை வேலிக்குள் ஆடுகளை இரவில் ஆளின்றி விட்டுவைக்கலாம் என்றிருந்த நிலை அங்கே மாறிவிட்டது. நாய் கடித்துப் பிழைத்த ஆட்டுக்கு வெறிநோய் வரக்கூடும் என்பதால், கையுறை அணிந்து காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்கு கழுவி, உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி குறித்து முடிவுசெய்ய வேண்டும்.

ஒரே இரவில் பல உயிர்கள்

கொட்டிலுக்குள் புகுந்த ஒரு விலங்கு தன் பசிக்கு ஒன்றைமட்டும் கொல்லாமல் பத்தையும் இருபதையும் கொன்றுவிட்டுப் போவதுண்டு. இதனைக் கொடூரத்தின் அடையாளமாகவோ இரத்தவெறியாகவோ மக்கள் பேசுவர். விலங்கின் நடத்தையை ஆராய்வோர் இதற்கு வேறு விளக்கம் தருகின்றனர். விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் 1972இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில், தேவைக்கு மிஞ்சிக் கொல்லும் இந்நடத்தையை ‘மிகைக்கொலை’ என்னும் பொருள்படும் பெயரால் குறித்து, இரை தப்பியோட இயலாத சூழலிலேயே அது நேர்கிறது என்று காட்டினார். திறந்த வெளியில் ஒன்று பிடிபட்டவுடன் மற்றவை ஓடி மறைந்துவிடுவதால் வேட்டை அங்கேயே முடிகிறது. நான்கு சுவர்களுக்குள்ளோ, ஓடினாலும் கண்முன்னேயே அலறிக்கொண்டு சுற்றும் உயிர்கள் கொல்லும் தூண்டலை மீண்டும் மீண்டும் எழுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே, அரைகுறையாக அடைக்கப்பட்ட கொட்டில் பாதுகாப்பற்றது என்பதோடு மட்டும் நிற்பதில்லை. உள்ளிருக்கும் உயிர்கள் தப்பும் வழியையும் பறித்துவிடுவதால், திறந்த வெளியைக் காட்டிலும் கேடானதாகவும் ஆகக்கூடும்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு லடாக்கில் உள்ளது. அங்கே செம்மறியும் வெள்ளாடும் இரவில் அடைக்கப்படும் கற்பட்டிகள் பல, கூரையின்றியோ காற்றுக்காக விட்ட பெருந்துளைகளோடோ இருந்தமையால், பனிச்சிறுத்தை உள்ளே குதித்து ஒரே இரவில் பல உயிர்களைக் கொல்வதும், அவற்றை இழந்தவர் அவ்விலங்கைக் கொல்வதும் தொடர்கதையாக இருந்தது. ஹெமிஸ் தேசியப் பூங்காவை ஒட்டிய சிற்றூர்களில் பனிச்சிறுத்தை பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த ரோட்னி ஜாக்சனும் ரின்சென் வாங்சுக்கும் ஊர்மக்களோடு அமர்ந்து பேசி, பட்டியின் மேல் மர உத்தரங்களைப் பரப்பிக் கம்பிவலையால் மூடி, காற்றுத்துளைகளுக்கும் வலையிட்டு, இறுக்கமாக மூடும் கதவுகளைப் பொருத்தும் பணியை முன்னெடுத்தனர். பொருள்களில் ஒரு பகுதியை அமைப்பு தர, உழைப்பையும் கல்லையும் மண்ணையும் ஊரார் தந்தனர். இவ்வாறு திருத்தப்பட்ட பட்டிகளுக்குள் மிகைக்கொலை நின்றதோடு, விலங்கின் மீதிருந்த பகையும் தணிந்தது என்பதை ஜாக்சனும் வாங்சுக்கும் 2004இல் வெளியிட்ட கட்டுரை விளக்குகிறது.

பட்டியின் நான்கு உறுப்புகள்

காவலுக்குரிய கொட்டிலைத் தரை, சுவர், கூரை, கதவு என்னும் நான்கு உறுப்புகளாகப் பகுத்து நோக்கலாம். இவற்றில் வலுவற்ற ஒன்றின் வழியாகவே வேட்டை விலங்கு நுழைகிறது என்பதால், மூன்றைச் செம்மையாக்கி ஒன்றைக் கைவிடுவது பயன்தருவதில்லை.

தரையைப் பொறுத்தவரை, கீரி, நாய், நரி, பெருச்சாளி ஆகியன சுவரும் மண்ணும் சேரும் இடத்திலேயே தோண்டத் தொடங்குகின்றன. அவ்விடத்தில் உறுதியான கம்பிவலையைச் சுவரின் அடியோடு பிணைத்து, வெளிப்புறமாக ஒன்றரை முதல் இரண்டு அடி அகலத்துக்குத் தரையோடு படுக்கவைத்து, மேலே மண்ணும் கல்லும் இட்டு மூடிவிட்டால், தோண்டும் விலங்கின் நகம் வலையில் தட்டுகிறது; சற்றுப் பின்வாங்கி அப்பாலிருந்து தோண்டினால் உள்ளே போகலாம் என்னும் கணிப்பு அதற்கு எழுவதில்லை. வலையைச் செங்குத்தாக ஆழப் புதைப்பதைவிட இதற்கு உழைப்பும் குறைவு. வசதியுள்ளோர் சிமெண்டுத் தரை இடலாம். ஆடுகளுக்குப் பலகை இடைவெளிகளோடு உயர்த்திக் கட்டும் பரண்முறைக் கொட்டில், தரையைத் தூய்மையாக வைப்பதோடு நாய்களையும் எட்ட நிறுத்துகிறது. பரணுக்கு ஏறும் சாய்படியை இரவில் எடுத்துவிட வேண்டும்.

சுவருக்குப் பலரும் வாங்குவது ‘கோழிவலை’ எனப்படும் அறுகோணக் கண்கள் கொண்ட மெல்லிய வலையாகும். இது கோழி வெளியே போகாமல் தடுப்பதற்கு உரியதே தவிர, நாய் உள்ளே வராமல் தடுப்பதற்கு உரியது அன்று. நாயின் பல்லுக்கும் உந்துதலுக்கும் அது கிழிந்துவிடும். கம்பிகள் சேரும் இடந்தோறும் பற்றவைக்கப்பட்ட ‘வெல்டு மெஷ்’ வலையே காவலுக்கு ஏற்றது. அதன் கண் அளவையும் கருத வேண்டும்: இரண்டு அங்குலக் கண்ணுடைய வலை நாயைத் தடுக்கும், ஆனால் பாம்பும் எலியும் அதனூடே எளிதில் புகும், அரை அங்குலக் கண்ணுடைய வலை இவ்விரண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். சுவர் முழுவதற்கும் நுண்கண் வலை இடுவது செலவாகும் என்பதால், தரையிலிருந்து இரண்டு அடி உயரத்துக்கு அதை இட்டு, மேற்பகுதிக்குப் பெரிய கண் வலையைப் பயன்படுத்துவது சிக்கனமான வழி. ஆனால் பாம்பும் மரநாயும் ஏறக்கூடியவை என்பதால், முட்டையிடும் பெட்டியும் குஞ்சுகளின் கூண்டும் மட்டுமாவது முழுவதும் நுண்கண் வலைக்குள் இருத்தல் வேண்டும்.

கூரையே மிகுதியும் புறக்கணிக்கப்படும் உறுப்பு. ஏழெட்டு அடிச் சுவர் சிறுத்தைக்கு ஒரு தடையே அன்று. வால்பாறை, கூடலூர், தாளவாடி போன்ற மலைப்பகுதிகளிலும் மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரச் சிற்றூர்களிலும் மேலே மூடப்படாத பட்டியைப் பட்டியாகவே கொள்ள இயலாது. தென்னங்கீற்றுக் கூரை வெயிலையும் மழையையும் தடுக்கும் என்றாலும், சிறுத்தை அதனைப் பிய்த்து இறங்க வல்லது. ஆகவே கீற்றுக்கு அடியில் உறுதியான கம்பிவலையை விரித்துச் சட்டங்களோடு முறுக்கிக் கட்ட வேண்டும். சுவருக்கும் கூரைக்கும் இடையே காற்றுக்கு விடப்படும் சந்தையும் வலையால் மூட வேண்டுமேயன்றிப் பலகையால் அடைத்துவிடலாகாது, ஏனெனில் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா வாயு தேங்கினால் ஆடுகளுக்கும் கோழிகளுக்கும் மூச்சுநோய் வரும்.

கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதாக இருந்தால், விலங்கு வெளியிலிருந்து முட்டும்போது அது நிலையோடு மேலும் இறுகுமேயன்றித் திறவாது. நிலைக்கும் கதவுக்கும் இடையிலோ, கதவுக்கும் தரைக்கும் இடையிலோ இரண்டு விரல் நுழையும் இடைவெளிகூட இருத்தலாகாது. கயிற்றால் கட்டுவதும் கல்லை முட்டுக்கொடுப்பதும் தாழ்ப்பாள் ஆகா. மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு இரும்புத் தாழ்கள் வேண்டும். எவ்வளவு வலுவான கதவும் பொழுது சாய்வதற்குள் அடைக்கப்பட்டால்தான் பயன்படும். அந்தியில் ஒரு பிடி தானியம் தூவிக் கோழிகளை அழைக்கும் பழக்கத்தை நாள்தோறும் தவறாமல் கடைப்பிடித்தால், அவை தாமாகவே நேரத்துக்குக் கூடணையும்.

பகலில் மேயும் குஞ்சுகளுக்கு இத்தகைய முழுக்காவல் இயலாது. முதல் சில வாரங்கள் தாயோடு பஞ்சாரத்திலோ வலைமூடிய முற்றத்திலோ வைத்திருந்து, பின்னர் வெளியே விடும்போது, மேலிருந்து பாயும் பறவைகளிடமிருந்து ஓடி ஒளிவதற்குத் தாழ்ந்த புதர்களும் செடிகளும் மேய்ச்சல் பரப்பில் இருக்கச்செய்வது நல்லது. மேலே கட்டுவதற்குப் பழைய மீன்வலையைப் பயன்படுத்துவோர், அதன் விளிம்பு தரையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் பாம்புகள் சிக்குவதோடு, அவற்றை விடுவிக்க முயல்வோர் கடிபடவும் நேரும்.

கொட்டிலுக்கு வெளியே

கொட்டிலின் பாதுகாப்பு அதன் சுவரோடு முடிவதில்லை. இரவில் சிந்திக்கிடக்கும் தீவனம் எலியை அழைக்கிறது, எலி பாம்பை அழைக்கிறது, பாம்பு வந்தபின் முட்டையும் போகிறது. ஆதலால் தீவனத்தை மூடியுள்ள தகரப் பெட்டியில் வைப்பதும் தரையை அந்தியில் கூட்டிவிடுவதும் வலைக்கு இணையான காவலாகும். அடுக்கிய விறகும் கல்லும் ஓடும் சுவரையொட்டி இருந்தால் அவை கீரிக்கும் பாம்புக்கும் இருப்பிடமாகின்றன. புதர்களைச் சில மீட்டர் தொலைவுக்கு அகற்றிவிட்டால், பதுங்கி நெருங்கும் காட்டுப்பூனையும் சிறுத்தையும் திறந்த வெளியைக் கடந்தாக வேண்டிய நிலை உண்டாகும். கூரைமேல் சாய்ந்த மரக்கிளைகளை வெட்டினால் மரநாயின் பாதை அறுபடும். முட்டை எடுக்கும் கை, விளக்கொளியில் பார்த்தபின்பே பெட்டிக்குள் செல்ல வேண்டும்.

ஊர் அளவில் எழும் கேள்வி கழிவைப் பற்றியது. இறைச்சிக் கடைகளின் கழிவும் இறந்த கோழிகளும் சாலையோரத்திலும் ஓடைக்கரையிலும் கொட்டப்படும் இடங்களில் தெருநாய்கள் பெருகி, கூட்டமாகத் திரியப் பழகுகின்றன. காட்டோர ஊர்களில் அந்த நாய்களே சிறுத்தையை ஊருக்குள் இழுக்கின்றன. மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில், கரும்புத் தோட்டங்களுக்கிடையே மனிதரோடு வாழும் சிறுத்தைகளின் உணவை வித்யா ஆத்ரேயா குழுவினர் ஆராய்ந்தபோது, அவற்றின் இரையில் எடையளவில் 39 விழுக்காடு நாய்களாகவும், 11 விழுக்காடு மட்டுமே வெள்ளாடுகளாகவும் இருந்தது தெரியவந்தது. அப்பகுதியில் வெள்ளாடுகள் நாய்களைப்போல் ஏழு மடங்கு எண்ணிக்கையில் இருந்தும் அவை குறைவாக இரையானதற்கு, நாய்கள் இரவில் கட்டற்றுத் திரிவதும் ஆடுகள் காவலோடு அடைக்கப்படுவதுமே காரணமாகக் கொள்ளத்தக்கன. சிறுத்தை வாழும் ஊரிலும் ஆட்டைக் காக்கமுடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

காவல் நாயும் விளக்கும்

நன்கு பழக்கிய நாய் கொட்டிலுக்குத் துணையாகும். நமீபியாவில் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் 1994 முதல் துருக்கி நாட்டு மந்தைக்காவல் நாய்களை வளர்த்து உழவர்களுக்கு வழங்கிவருகிறது. குட்டிப்பருவம் முதல் ஆடுகளோடேயே வளரும் இந்நாய்கள், மந்தையைத் தம் இனமாகக் கருதி, அன்னிய விலங்கைக் குரைத்தே விரட்டுகின்றன. தமிழ்நாட்டின் கோம்பை நாயும் மந்தைக் காவலுக்குப் பெயர்பெற்றது. ஆனால் சிறுத்தை நடமாடும் பகுதியில் நாயைச் சங்கிலியால் கட்டி வெளியில் விடுவது, காவலாளியை இரையாக்குவதே ஆகும். இமயமலையின் கத்தி (Gaddi) இன மேய்ப்பர் தம் நாய்களின் கழுத்தில் கூர்முட்கள் கொண்ட இரும்புப்பட்டை அணிவிப்பது சிறுத்தையின் தொண்டைப்பிடியிலிருந்து அவற்றைக் காப்பதற்காகவே.

ஒளியைக்கொண்டு விரட்டும் முறைக்குக் கென்யாவின் ரிச்சர்டு துரேரே புகழ்பெற்றவர். நைரோபி தேசியப் பூங்காவை ஒட்டிச் சிறுவராக வாழ்ந்தபோது அவர், நிலையாக எரியும் விளக்குக்கு அஞ்சாத சிங்கங்கள் நடமாடும் விளக்குக்கு அஞ்சுவதைக் கண்டு, பழைய கார் மின்கலம், சூரியத்தகடு, வண்டியின் திருப்பக்குறி விளக்குப் பொறி ஆகியவற்றை இணைத்து, மாறிமாறி மின்னும் விளக்குகளைத் தம் பட்டியைச் சுற்றி அமைத்தார்; 2013இல் அது உலகின் கவனத்தைப் பெற்றது. ஒளியாலும் ஒலியாலும் விரட்டும் எல்லா முறைகளுக்கும் பொதுவான குறை, தீங்கு நேராததைக் கண்ட விலங்கு நாளடைவில் அவற்றுக்குப் பழகிவிடுவதாகும். எனவே விளக்குகளின் இடத்தையும் மின்னும் ஒழுங்கையும் அவ்வப்போது மாற்றுவதோடு, அவற்றை வலைக்கும் கதவுக்கும் துணையாகவே கொள்ள வேண்டும், மாற்றாகக் கொள்ளலாகாது. கீற்றுக்கொட்டிலில் மண்ணெண்ணெய் விளக்கைத் தொங்கவிடுவது தீவிபத்துக்கு வழிவகுக்கும்.

செய்யத்தகாதன

வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பிவேலியில் பாய்ச்சுவது முதன்மையான குற்றம். அனுமதிக்கப்பட்ட சூரிய மின்வேலியில், ‘எனர்ஜைசர்’ என்னும் கருவி நொடிக்கு ஏறக்குறைய ஒருமுறை, மிகமிகக் குறுகிய நேரத்துக்கு மட்டும் மின்துடிப்பை அனுப்புவதால், தொடும் உயிர் அதிர்ந்து விலகுகிறதே தவிர இறப்பதில்லை. நேராகப் பாய்ச்சிய வீட்டு மின்சாரமோ தொட்டவரை விடுவிக்காமல் கொல்லும். இம்முறையால் யானைகளும், வேலியிட்ட உழவர்களும், அவர்தம் அண்டைவீட்டாரும் இறந்துள்ளனர். மின்வேலிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு 2023இல் வகுத்துள்ளது.

நஞ்சு வைப்பது அதற்கிணையான கேடு. இறந்த ஆட்டிலோ மாட்டிலோ பூச்சிக்கொல்லியைத் தடவி வைத்தால், கொன்ற விலங்கு மட்டுமன்றி அதனைத் தின்னவரும் பிணந்தின்னிக் கழுகுகளும் நரிகளும் ஊர் நாய்களும் சேர்ந்து மடிகின்றன. 2023 செப்டம்பரில் நீலகிரி மாவட்டம் எமரால்டு அருகே, நஞ்சிடப்பட்ட மாட்டின் உடலைத் தின்ற இரண்டு புலிகள் இறந்தன. மாட்டின் உரிமையாளர் கைதானார். மாட்டை இழந்தவர் தன் விடுதலையையும் இழப்பதே இவ்வழியின் முடிவு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பொறிவைத்துப் பிடிப்பதையும் நஞ்சிடுவதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. சிறுத்தைக்கு மட்டுமன்றிக் கீரி, காட்டுப்பூனை, மரநாய், உடும்பு ஆகியவற்றுக்கும் அதன் பாதுகாப்பு உண்டு.

சிறுத்தையைப் பிடித்து வேறு காட்டில் விடுக என்னும் கோரிக்கையும் ஆராயத்தக்கது. மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பகுதியில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறுத்தைகள் அவ்வாறு இடம்மாற்றப்பட்டபோது, விடப்பட்ட இடங்களுக்கருகே மனிதர் மீதான தாக்குதல்கள் கூடின என்பதை ஆத்ரேயா குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. காலியான இடத்துக்கு வேறொரு சிறுத்தை வருவதும் இயல்பு. கொட்டில் திருந்தாதவரை, அகற்றப்பட்ட விலங்கின் இடத்தை நிரப்பவரும் விலங்கும் அதே இடைவெளியைக் கண்டறியும்.

இழப்பு நேர்ந்துவிட்டால், இறந்த உடலை அப்புறப்படுத்தாமலும் தடங்களைக் கலைக்காமலும் படம்பிடித்துவைத்து, வனவிலங்காயின் வனச்சரக அலுவலகத்துக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். வனப் பணியாளரின் பார்வையிடலும் கால்நடை மருத்துவரின் சான்றும் இழப்பீட்டுக்கு அடிப்படையாகும். இரையைத் தேடிச் சிறுத்தை மீண்டும் வரக்கூடும் என்பதால் அவ்விடத்தில் கூட்டம் கூடுவதும் இரவில் தனித்திருப்பதும் ஆபத்தானவை. தெருநாய்களால் இறக்கும் கால்நடைகளுக்கும் இழப்பீடு வேண்டும் என்னும் கொங்கு வளர்ப்போரின் கோரிக்கையைத் தமிழ்நாடு அரசு 2025இல் ஏற்றது. கால்நடைக் காப்பீடு இருந்தால், காதில் இட்ட அடையாளத் தகட்டைப் பாதுகாத்து ஒப்படைப்பது இன்றியமையாதது.

இழப்பீடு இறந்த ஆட்டின் விலையில் ஒரு பகுதியை, அதுவும் காலம் கடந்து, தருவதாகும். வலுவான கொட்டிலோ அந்த ஆட்டையே காத்துத் தருவது. ஆடு வழங்கும் திட்டங்கள் ஆட்டோடு சேர்த்து, அதை இரவில் அடைக்கத்தக்க வலைக்கும் கதவுக்குமான உதவியையும் தருமாயின், அரசு பின்னர் வழங்கும் இழப்பீட்டில் பெரும்பகுதி மிஞ்சும். காட்டோர ஊராட்சிகள் கழிவு கொட்டுவதைத் தடுத்து, நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செலுத்தினால், தனித்தனிக் குடும்பத்தால் இயலாத காவல் ஊருக்குக் கிட்டும். அதுவரை, புழக்கடையில் ஆடும் கோழியும் வளர்க்கும் ஒவ்வொரு குடும்பமும் இன்று அந்தி சாய்வதற்குள் தன் கொட்டிலை ஒருமுறை சுற்றிவந்து, சுவரடியையும் கூரைச்சந்தையும் கதவின் தாழையும் பார்த்து, கண்ணில்பட்ட முதல் இடைவெளியை இன்றே அடைத்துவிட வேண்டும்.